நாலு வீட்டுப் புளிப்பு

ஜாடி மூச்சு விடவில்லை என்று பாஞ்சாலை வந்து சொன்னபோது, பலராமன் அடுப்புக்குள் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். கையிலிருந்த கட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். காதை வைத்துக் கேட்டான். முகர்ந்து பார்த்தான். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டான்.

"உசுரு இருக்குது. குளுரு, அவ்ளோதான். அந்தக் கோணியை எடு."

ஜாடிக்குக் கோணியைச் சுற்றி, இரண்டு பேருமாகத் தூக்கி அடுப்புச் சுவர் ஓரமாக வைத்தார்கள்.

"பெத்த புள்ளைக்குக்கூட ஒருத்தன் இப்டி போத்த மாட்டான்" என்றாள் பாஞ்சாலை.

"புள்ளை பெத்துக் குடு. போத்தறேன்."

"வாயி மட்டும் ஜாஸ்தி."

அந்த வருஷம் திருவண்ணாமலையில் கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. மலையின் பாதிக்கு மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. விறகு ஈரம், மைதா மூட்டை ஈரம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்து முழுக்கச் சேறு. ஆனாலும் தீபத்துக்குக் கூட்டம் வரத்தான் போகிறது. மலை சுற்றி வருகிறவர்கள் டீக்கடைக்கு டீக்கடை நின்று பன் கேட்கத்தான் போகிறார்கள். பலராமன் தீபத்தை நம்பித்தான் மைதா மூட்டைகளை இறக்கி வைத்திருந்தான். அந்தப் பத்து நாள் வியாபாரம்தான் அவன் வீட்டுக்கு வருஷத்தின் பாதிச் சோறு.

மாவு எழும்ப வேண்டுமே! கள்ளுக்கடை திறந்திருந்த வரைக்கும் அந்தக் கவலை இல்லை. ஒரு மரக்கால் மாவுக்கு ஒரு சொம்பு கள் போதும். எழுபத்து நாலில் கடைகளை மூடினார்கள். மதராசிலிருந்து வரும் ஈஸ்ட் டப்பா இந்த ஊருக்கு வந்து சேர்வதற்குள் செத்துப்போய்விடும். பலராமன் சின்ன வயதில் வேலூரில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தபோது கற்றது கை கொடுத்தது. உலர்ந்த திராட்சையை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்தால் சில நாளில் நுரைத்துப் பொங்கும். அதில் மைதாவைக் கரைத்து விட்டால் புளிப்பு தயார். தினமும் மாவுக்கு எடுத்துக்கொண்டு, எடுத்த அளவு மாவும் வெல்லமும் திரும்பப் போட்டு வரவேண்டும். இரண்டு வருஷமாக அப்படித்தான் அந்த ஜாடி ஓடிக்கொண்டிருந்தது.

கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சந்துக்குள் வந்தாள் தங்கம்மாள். அடி அண்ணாமலையில் ரோட்டோரம் ஆப்பக் கடை போடுகிறவள். கையில் ஒரு டம்ளர்.

"பாஞ்சால, என்னுது பூடுச்சுடி!"

"இன்னாக்கா பூடுச்சு?"

"புளிப்புதான். வேற இன்னா இருக்குது என் கிட்ட பூடறதுக்கு? கூரை ஒழுகி ஜாடியில மழைத் தண்ணி. காலைல பாத்தா குட்டை மாதிரி நாறுது."

பலராமன் திரும்பிப் பார்த்தான். "மூடி போட்டு வெக்கறதுதான?"

"மூடினா மூச்சு முட்டி வெடிச்சுடும்னு நீதானடா சொன்ன?"

"துணி கட்டச் சொன்னேன். கூரையைப் பிரிச்சு வெக்கச் சொல்லல."

"மேய ஓலை நீ வாங்கிக் குடுக்கறியா? பேச வந்துட்டான்."

டம்ளரில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது. அது அவர்களுக்குள் ஏற்பட்டுவிட்ட வழக்கம். புளிப்பு கேட்டு வருகிறவர்கள் வெறும் பாத்திரத்தோடு வரக்கூடாது. வெல்லத்தை முதலில் ஜாடிக்குள் போட வேண்டும்; அப்புறம்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். காசு கிடையாது. இல்லை என்று சொல்லவும் கூடாது. கீழ்பென்னாத்தூரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் சகாதேவன், லாட்ஜுத் தெருவில் பணியாரம் சுடும் ஜோதியம்மாள், இந்தத் தங்கம்மாள் எல்லோரும் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். போன கோடையில் பலராமனின் ஜாடியே கெட்டுப்போனபோது சகாதேவன்தான் பஸ்ஸில் சொம்போடு வந்து இறங்கினான்.

"ஒரு வூட்ல மட்டும் வெச்சிருந்தா என்னிக்குனா ஒரு நாள் பூடும்" என்பான் பலராமன். "நாலு வூட்ல இருந்துச்சுன்னா எப்டிப் போவும்?"

தங்கம்மாள் வெல்லத்தைப் போட்டாள். பாஞ்சாலை டம்ளர் நிறைய எடுத்து ஊற்றினாள்.

அன்று மத்தியானமே போலீஸ் வேன் வந்தது.

சந்தில் நாலு வீடு தள்ளி எவனோ சாராயம் விற்கிறான் என்று துப்பு. அங்கே எதுவும் அகப்படவில்லை. திரும்பிப் போகும்போது சப்-இன்ஸ்பெக்டரின் மூக்கில் வாசனை ஏறிவிட்டது. ஜில்லாவுக்குப் புதிதாக வந்தவர். தீபத்துக்கு முன்னால் மதுவிலக்கு வழக்குக் கணக்குக் காட்டவேண்டிய நெருக்கடி. பின்னால் ஏட்டு கண்ணாயிரம் வந்தார். அவர் தினமும் டீயோடு பலராமனின் பன்னைத் தின்கிறவர்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் துணியை அவிழ்த்தார். குபுகுபுவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அடுப்புச் சூட்டில் நன்றாகத் தேறியிருந்தது.

"என்னய்யா இது?"

"புளிப்புங்க சார். பன்னுக்குங்க."

"திராட்சை, வெல்லம், தண்ணி. பொங்குது. வாடை மண்டைக்கு ஏறுது. யாருக்குக் கதை சொல்ற? இது சாராய ஊறல்."

"ஐயா, தெனமும் இவங்க கடை பன்னுதான் நாங்க..." என்று ஆரம்பித்தார் கண்ணாயிரம்.

"நீங்க சும்மா இருங்க ஏட்டு."

பலராமனுக்குப் பயம் வரவில்லை. ரோஷம் வந்தது. எது தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தானோ, அதைச் சொன்னான்.

"சார், இது திருட்டு வேலையா இருந்தா ஊரு பூரா குடுப்பனா? ஆப்பக் கடை தங்கம்மா, லாட்ஜுத் தெரு ஜோதியம்மா, கீழ்பென்னாத்தூர் சகாதேவன், எல்லாருக்கும் நாங்கதான் குடுக்கறோம். கேட்டுப் பாருங்க. ஒத்தப் பைசா வாங்கறதில்ல!"

கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "அப்ப சப்ளை வேற நடக்குது."

வேனில் பலராமனை ஏற்றினார்கள். ஜாடியையும் ஏற்றினார்கள். எரிந்துகொண்டிருந்த அடுப்பில் வைக்கவேண்டிய பன் எல்லாம் பலகையில் அப்படியே உப்பிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலை ஓடாத குறையாக ஸ்டேஷனுக்குப் போனாள். ஜாடிக்கு மரமூடி போட்டு, துணி சுற்றிச் சணலால் இறுக்கி, ஒரு போலீஸ்காரர் அரக்கை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இறுக்கி மூடாதீங்க. வெடிச்சுடும்ங்க!"

"இன்னாம்மா, ஸ்டேஷன்ல வந்து குண்டு வெடிக்கும்னு மிரட்டறியா?"

"மிரட்டலீங்க. அது மூச்சு விடணும்ங்க. ஒரு கை மாவு போட விடுங்க, இல்லாட்டி செத்துடும்..."

"சாட்சிச் சாமானுக்குச் சோறு ஊட்ட வந்திருக்குதுடா!" என்றார் அவர். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பிக்குப் பின்னால் பலராமன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கையெழுத்துக் கேக்கறாங்கமே. சாராய ஊறல் போட்டேன்னு எழுதி வெச்சிருக்காங்க."

"போட்டா வுட்டுடுவாங்களா?"

"வுட்டா மட்டும்? புள்ளை குட்டியோட மலை சுத்த வராங்க. புள்ளை அழுதா என் பன்னைத்தான் வாங்கிக் கையில குடுக்கறாங்க. சாராயக்காரன் பன்னுன்னு தெரிஞ்சா எவ வாங்குவா? மாட்டேன். செத்தாலும் போடமாட்டேன்."

வெளியே வந்தபோது கண்ணாயிரம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவளைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"யாருனா வந்து, நாங்களும் இத வெச்சிருக்கோம், ஆப்பத்துக்கும் ரொட்டிக்கும்தான்னு சொன்னா ஐயா மனசு மாறினாலும் மாறும். நான் சொன்னேன்னு சொல்லாத."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனாள். வழியெல்லாம் நெல் வயல்கள் மழைத் தண்ணீரில் படுத்துக் கிடந்தன. சகாதேவன் கடை வாசலில் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"உள்ள வா. வெளிய நிக்காத."

"அண்ணே, விஷயம் தெரியுமா?"

"தெரியும். நேத்தே வந்து கேட்டாங்க. ஏம்மா, அவன் மாட்டினான் சரி, என் பேரை எதுக்குச் சொன்னான்?"

"நல்லதுன்னு நெனச்சுத்தாண்ணே சொன்னாரு. நீ வந்து ஒரு வார்த்தை..."

"எந்த வார்த்தை? எனக்கும் புளிப்புக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லிட்டேன். சோடா உப்பு போட்டு ரொட்டி சுடறேன்னு சொல்லிட்டேன்."

பாஞ்சாலை அடுப்பு ஓரம் பார்த்தாள். ஜாடி இருந்த இடத்தில் ஈரமான வட்டம்தான் இருந்தது.

"கொட்டிட்டியாண்ணே?"

சகாதேவன் தலையைக் குனிந்துகொண்டான். "கால்வாயில கொட்டினேன். தண்ணியில கலந்தும் நொரைச்சுக்கினே போச்சு. பாக்க முடியல. மூணு பொண்ணுங்கம்மா எனக்கு. நான் உள்ள போனா அதுங்கள எவன் கட்டுவான்?"

"சாட்சிக்கு வாணாம்ணே. ஒரு வாய்... ஒரு ஸ்பூன்கூட மிச்சம் இல்லியா?"

"ஜாடியையே ஒடச்சுட்டேன்."

கிளம்பும்போது ஒரு காகிதப் பொட்டலத்தில் ரொட்டி கட்டிக் கொடுத்தான். சோடா உப்பு ரொட்டி. பஸ்ஸில் பிட்டுப் பார்த்தாள். சோப்பு வாசனை அடித்தது.

ஜோதியம்மாள் கதவே திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பாஞ்சாலை கூப்பிட்டதும் அந்தச் சத்தமும் நின்றுபோனது.

தங்கம்மாள் ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடிக்கும்போது ஆப்பத்தின் ஓரம் சிவந்துவிட்டது. எடுத்து இலையில் போட்டாள்.

"வரேண்டி."

"யக்கா..."

"இன்னா யக்கா? சாராயத்துல ஆப்பம் வருமா? தின்னு பாக்கட்டும் அந்த ஆபீசரு. நாலு ஆப்பம் எடுத்துக்கறேன். அப்டியே நீ குடுத்ததுல மிச்சத்தையும் எடுத்துக்கறேன். ரெண்டையும் வெச்சுக் காட்டினா கண்ணு இருக்கறவனுக்குத் தெரியாது?"

மருமகள் வள்ளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தே, போலீசுக்கெல்லாம் போவாதீங்க. அவங்க வூட்டு வம்பு."

"புளிப்பு கேட்டா குடுக்கறாளே, அப்ப அவ வூட்டுப் புளிப்புன்னு சொல்றியா? மூடிக்கினு சட்டியப் பாரு."

ஸ்டேஷனில் தங்கம்மாள் நன்றாகத்தான் பேசினாள். இலையைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். ஆப்பம் நடுவில் பஞ்சாகவும் ஓரத்தில் வலையாகவும் இருந்தது.

"சாப்டுங்க ஐயா. இதுல போதை ஏறிச்சுன்னா என்னைக் கேளுங்க."

கண்ணாயிரம் ஒரு ஆப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர்கூட லேசாகச் சிரித்தார். பாஞ்சாலைக்கு வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்தது போலிருந்தது.

"அந்த டம்ளர்ல என்ன?"

"அதே புளிப்புதாங்க. இவ வூட்லேருந்து வாங்கினது. அதையும் பாருங்கன்னுதான் கொண்டாந்தேன்."

"எப்ப வாங்கின?"

"நேத்துக் காலைல."

"இதுக்கு முன்னாடி?"

"எப்பல்லாம் தீருதோ அப்பல்லாம். ரெண்டு வருசமா."

அவர் எழுதிக்கொண்டார். அப்போதுதான் பக்கத்து அறையில் அது வெடித்தது.

டயர் வெடித்த சத்தம். போலீஸ்காரர்கள் வெளியே பாய்ந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், ஜாடியின் மூடி சுவரில் மோதி விழுந்து கிடந்தது. ஜாடி பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. சுவர், அலமாரி, கட்டுக்கட்டாக வைத்திருந்த காகிதங்கள், மாட்டியிருந்த தொப்பிகள் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புளிப்பு வழிந்துகொண்டிருந்தது. திராட்சைத் தோல் ஒன்று மின்விசிறியில் ஒட்டியிருந்தது.

"நான்தான் சொன்னேனேங்க" என்றாள் பாஞ்சாலை.

வேறு ஒரு நாள், வேறு ஓர் இடமாயிருந்தால் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் தோளைத் துடைத்துக்கொண்டார்.

"பன்னுக்குப் போடறது இப்படியா வெடிக்கும்? எவ்வளவு ஸ்ட்ராங்கான சரக்கு பாத்தீங்களா ஏட்டு! சாம்பிள் பாட்டில்தான் முன்னாடியே போயாச்சு. இந்த டம்ளருக்கும் சீல் வைங்க. இந்தம்மா வாக்குமூலமே குடுத்துட்டாங்க. இவங்களையும் சேத்துக்குங்க."

"ஐயா, நான் சாட்சிக்கு வந்தவ!"

"அது காலைல."

தங்கம்மாள் பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. புரியாமல் பார்த்தாள்; அதைத்தான் பாஞ்சாலையால் தாங்க முடியவில்லை.

அந்தச் சாயங்காலம் வள்ளி சந்து வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"எங்க அத்தைய இட்டுக்கினு போயி உள்ள தள்ளிட்டு இங்க குந்திக்கினு இருக்கியா? ஒன் புருஷன் இருக்கற எடத்துக்குத் தொணைக்கு ஆள் அனுப்பறியா? நல்லா இருப்பியா நீ?"

வள்ளி போகும்போது, "வூட்ல சட்டியில ஒட்டியிருந்ததைக்கூடச் சொரண்டி அலசி ஊத்திட்டேன். இனிமே எவளும் எங்க வூட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் வக்கீல் கோதண்டராமன் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"சாம்பிளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க. அதுல சாராயச் சத்து இருக்குன்னுதான் பதில் வரும்."

"நாங்க சாராயம் போடலியே சார்!"

"போடவேண்டியதில்லம்மா. எது புளிச்சாலும் அது கொஞ்சம் இருக்கும். பொய்க் கேஸா இருந்தா உடைச்சிடுவேன். இது பொய்யும் இல்லியே, நான் என்ன பண்ண?"

"அப்ப வேற வழியே இல்லீங்களா?"

"ஒருத்தர் எல்லாத்தையும் ஏத்துக்கிட்டா, இன்னொருத்தரை விட்டுடச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். வயசான அம்மாவைப் பாரு, நிக்கவே முடியல."

தங்கம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று.

பலராமன் அவளைப் பார்த்தான். அப்புறம் வக்கீலிடம் தலையை ஆட்டினான்.

மாஜிஸ்திரேட் கேட்டபோது அவன் நேராக நின்று சொன்னான்.

"அந்தம்மாவுக்கு அது இன்னான்னே தெரியாதுங்க. ஆப்பத்துக்குன்னு சொல்லி நான்தான் ஏமாத்திக் குடுத்தேன். நான்தான் போட்டேங்க."

"என்ன போட்டே?"

"சாராய ஊறலுங்க."

மூன்று மாசம். தங்கம்மாளை விட்டுவிட்டார்கள். மாஜிஸ்திரேட் எழுந்து போகுமுன் பாஞ்சாலையைக் கூப்பிட்டு, வீட்டில் மறுபடி இந்த வேலை நடந்தால் நீயும் உள்ளே போவாய் என்று எச்சரித்தார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகப் பஸ்ஸில் ஏற்றும்போது பலராமன் விலங்கு மாட்டிய கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு கத்தினான்.

"மே! மைதாவுக்கு வண்டு வந்துடும், வெயில்ல போடு. திராட்சை வாங்கிப் புதுசாப் போடு. கறுப்புத் திராட்சை. பதத்துக்கு வர நாளாவும், வுட்டுடாத!"

பக்கத்திலிருந்த போலீஸ்காரர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

பஸ் போன பிறகும் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். மழை விட்டிருந்தது. தீபத்துக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. மலை உச்சி பளிச்சென்று தெரிந்தது.

"நீ கூப்டதுக்கு நான் திட்டலடி" என்றாள் தங்கம்மாள். "நானாத்தான் வந்தேன். அவன் எனக்காகச் சொன்னதும் தெரியும். ஆனா இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராத. மருமவ பயப்படறா." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி நின்றாள். "எனக்கும் பயமாத்தாண்டி இருக்குது."

பாஞ்சாலை அப்பாதுரை மளிகைக்குப் போனாள். இரண்டு வருஷமாக அங்கேதான் திராட்சை வாங்குகிறாள். கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரைக்கும் கறுப்புத் திராட்சை இருந்தது. பக்கத்து டீக்கடையில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

அப்பாதுரை அவளைப் பார்த்ததுமே, அவள் வாயைத் திறக்குமுன் உரக்கச் சொன்னார்.

"திராட்சை ஸ்டாக் இல்லம்மா!"

அவள் புட்டியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"பாயசத்துக்குத்தாங்க. கொஞ்சம் போதும்" என்றாள் மெதுவாக.

அப்பாதுரை குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "புருஷன் இன்னிக்குத்தான் உள்ள போயிருக்கான். பாயசம் வெச்சன்னு சொன்னா எவன் நம்புவான்? என்னையும் சேத்து இழுக்காத தாயி. வேற இன்னா வேணும், சொல்லு."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"உப்பு."

வீட்டுக்கு வந்து பலகையை அலம்பினாள். எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருப்பது? மைதாவைக் கொட்டி, உப்புப் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். கை வலிக்கும்வரை அடித்துப் பிசைந்தாள். உருட்டி வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து அதன்மேல் போட்டு மூடினாள். உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த மாவு எழும்பாது.

துணியை எடுத்துக் கொடியில் போட்டாள்.